கோழி மல்லாந்து விழோணும்

வாங்க, உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாங்க, ஒரு காலு ஆடும். இக்கட்ட வாங்க. முதலாளி என்ன சொல்லி உங்களை அனுப்பியிருப்பாருன்னு எனக்குத் தெரியுமுங்க. ‘போர் போடற ரிக் வண்டி மறுபடியும் கானா நாட்டுக்குப் போகுது, அர்த்தநாரி வந்தாத்தான் ஆகும், அவன் கைராசிக்காரன், எப்படியாச்சும் பேசி இழுத்துட்டு வந்துரு.’ அதானுங்களே? டீயக் குடிச்சுப்போட்டு, அர்த்தநாரி வர்லீன்னு போய்ச் சொல்லிருங்க.

ஒடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க. இன்னைக்கும் ஒத்தை ஆளா ராடு தூக்கி மாட்டுவேன். ஆப்பிரிக்கான்னாப் பயமான்னா, அதுவும் இல்லீங்க. காங்கோவுக்குப் போகச் சொல்லுங்க, நாளைக்கே பொட்டி கட்டறேன். அந்தக் கும்பீசி ஊரு இருக்குது பாருங்க, அந்தப் பக்கம் மட்டும் வரமாட்டேன். தண்ணி குடுத்த மனுசனை அந்தச் சனம் என்ன பாடு படுத்துச்சுன்னு உங்க முதலாளிக்கு என்ன தெரியும்? அவரு இங்க திருச்செங்கோட்டுல ஃபேனுக்கடியில உக்காந்துட்டு இருந்தாரு.

சொல்றேன், கேளுங்க. கேட்டுப்போட்டு நீங்களே சொல்லுங்க, கோவம் வருமா வராதான்னு.

கும்பீசிங்கறது கானாவுக்கு வடகோடி. கடக்கரையில வண்டிய எறக்கி மேல ஓட்டிட்டுப் போகப் போக மரமெல்லாம் கொறஞ்சு, செம்மண்ணும் பாறையுமா ஆயிரும். நம்ம சங்ககிரிப் பக்கத்துல விட்டுட்டாங்களோன்னு இருந்துது. ஊருன்னாத் தெருவெல்லாம் கெடையாதுங்க. காட்டுக்குள்ள அங்கொண்ணு இங்கொண்ணா வளவு. வட்ட வட்டமா மண்ணு ஊடு, சுத்தியும் மண்ணு செவுரு. ஒரு தாத்தன் வழி வந்தவங்க எல்லாரும் ஒரே வளவுல. அந்தச் செவுத்துல பொம்பளைங்க கறுப்பும் செகப்பும் வெள்ளையுமாக் கட்டங்கட்டமா எழுதி வெச்சிருப்பாங்க. செவுத்துல எதுக்குங்க கோலம்? நாம வாசல்ல போடறோம், அதுல ஒரு அர்த்தம் இருக்குது.

சோறுன்னாக் கம்பும் சோளமுந்தான். மாவைக் கிண்டிக் களி. காத்தாலயும் களி, பொழுதோடயும் களி. தொட்டுக்கக் கீரை, இல்லீன்னா வழுவழுன்னு வெண்டைக்காக் கொழம்பு. முதல் நாளே நான் மூஞ்சியத் திருப்பிட்டேன். இதெல்லாம் மனுசன் திங்கறதான்னேன். நானும் களி தின்னு வளந்தவந்தானுங்க, இல்லீங்கல. ஆனா அது எங்கம்மா கிண்டின களி. அதும் இதும் ஒண்ணாயிருமா?

இன்னொரு கூத்தக் கேளுங்க. அந்த ஊர்ல என்னைய வெள்ளைக்காரன்னாங்க. என்னைய! நல்லாப் பாருங்க என்ற மூஞ்சிய. வெளியூருல இருந்து மிசினோட வந்தா அவியளுக்கு எல்லாரும் வெள்ளைக்காரந்தானாம். சரி, இருந்துட்டுப் போகுது, யாரு வேண்டாம்னா.

ஐப்பசி கார்த்திகை தாண்டிச்சுன்னா அங்க ஒரு பொட்டு மழை கெடையாதுங்க. வடக்க இருந்து புழுதிக்காத்து அடிக்கும், ஒதடெல்லாம் வெடிச்சுப்போகும். பொம்பளைங்க ஆத்துக்குப் போயி மணல்ல ஊத்துத் தோண்டி, சொரக்குடுக்கையில மொண்டு மொண்டு கொடத்த ரொப்பி, தலையில வெச்சு நடந்து வருவாங்க. போக ஒரு நடை, வர ஒரு நடை, காத்தாலச் சோலி அதோட முடிஞ்சுது. அந்தத் தண்ணியும் சேத்துத் தண்ணி. அதக் குடிச்சுப்போட்டுக் கொழந்தைங்களுக்கு வவுத்தால போகும். அதுல அசிபின்னு ஒருத்தி. நீங்க மனசுல வெச்சுக்கோணும், இந்தக் கதையில என்னைய ரொம்பப் படுத்தினவ அவதான். புருசன் தெக்க பெரிய டவுன்ல கட்டட வேலை. இவ இங்க காடு பாத்துட்டு, வெண்ணெய்க்கொட்டைன்னு அங்க காட்டு மரத்துல ஒரு கொட்டை, அதப் பொறுக்கி எண்ணெய் எடுத்து வித்துட்டு இருந்தா. முந்தின வருசம் அவளுக்கு ஒரு கொழந்தை அந்தத் தண்ணியாலயே போயிருச்சு. இருக்கறது ஒரு பொண்ணு, இடுப்பு ஒசரம்.

வெளிநாட்டுத் தர்ம சங்கம் ஒண்ணு வந்து அந்த ஊர்ல கூட்டம் போட்டிருக்குது. உங்களுக்கு என்னென்ன வேணும்னு கேட்டாங்களாம். கம்பு அரைக்க மில்லு வேணும்னு பொம்பளைங்க. மாட்டுக்கு ஊசி போட ஆளு வேணும்னு ஆம்பளைங்க. பள்ளிக்கூடத்துக்குக் கூரை வேணும்னு வாத்தியாரு. தண்ணி வேணும்னு எல்லாரும். அத்தனையும் பொறுமையாக் கேட்டுப்போட்டு, எங்க கிட்டத் தண்ணிக்கு மட்டுந்தான் திட்டம் இருக்குதுன்னுட்டாங்க. அப்பறம் எதுக்குக் கேட்டாங்கன்னு நீங்க கேக்கப்படாது. கேக்கறது ஒரு மரியாதை. அந்தத் தண்ணித் திட்டத்துக்குத்தான் நம்ம வண்டி.

போன ஒடனே, நீரோட்டம் பாக்கறதுக்கு டவுனுக்கு ஆளு விட்டுத் தேங்காய் வாங்கியாறச் சொன்னேன். வாத்தியாருக்கு ஒண்ணும் புரியலை. வாத்தியாரு பேரு அடோங்கோ, நல்ல பையன், என்ற இங்கிலீசும் அவன் இங்கிலீசும் எப்படியோ ஒத்துப்போச்சு, அவந்தான் எனக்கு வாய். தேங்காய உள்ளங்கையில படுக்க வெச்சு நான் காடு பூராவும் நடந்தேன். ஊர்த்தலைவரு வளவு இருக்குது பாருங்க, அதுக்குப் பக்கத்துல போனதும் தேங்காய் விசுக்குன்னு எந்திரிச்சு நின்னுது. அப்படியே குத்துக்கல்லாட்ட. எனக்குப் புல்லரிச்சுப்போச்சு. இங்கதாண்டான்னு குச்சி அடிச்சேன். இது சயின்சுங்க. இதுல பொய்யே கெடையாது.

வண்டிய நிறுத்தி, எலுமிச்சம்பழம் வெச்சு, கற்பூரம் பத்த வெச்சு, ராகு காலம் தாண்டட்டும்னு காத்துட்டு இருக்கறேன், அகோல்கோன்னு ஒரு பெரியவரு வந்தாரு. ஆட்டுத்தோலு போத்திட்டு, கையில ஒரு தடி. அவரு நெலத்துக்குப் பூசாரியாம். சாமிக்குப் பூசாரி கேள்விப்பட்டிருக்கோம், நெலத்துக்குப் பூசாரி கேள்விப்பட்டிருக்கீங்களா? ஊர்த்தலைவரு வேற, இவரு வேற. நெலம் எவனோட சொத்தும் இல்லையாம். அதுவே ஒரு பெரிய உசுராம். அதும் மேல ஓட்டை போடறதுக்கு முன்னால அதுகிட்ட ஒரு வார்த்தை கேக்கோணுமாம். நான் கற்பூரத்தக் கையில வெச்சுட்டு நின்னு கேக்கறேன், எனக்குச் சிரிப்பத் தாங்க முடியலை. இந்தக் காலத்துல போயி இப்படி ஒரு மூடநம்பிக்கை!

“எப்படிக் கேப்பீங்க?”ன்னேன்.

“கோழி அறுப்போம். அறுத்து வீசுவோம். மல்லாந்து விழுந்து உசுரு போனா நெலத்துக்குச் சம்மதம். குப்புற விழுந்தாச் சம்மதமில்லை”ன்னான் அடோங்கோ. படிச்ச பையன், எட்டாவதுக்குக் கணக்குச் சொல்லித் தர்றவன், கொஞ்சங்கூட வெக்கமில்லாமச் சொல்றான்.

கோழிக்கு என்னங்க தெரியும்? நம்மூர்ல கெடா வெட்டறோம், மஞ்சத் தண்ணி தெளிச்சு அது ஒடம்பத் துலுக்கறதுக்காகக் காத்துட்டு இருக்கறோம்னா, அது வேற. கெடா துலுக்குச்சுன்னா அய்யன் உத்தரவு குடுத்துட்டாருன்னு அர்த்தம். துலுக்கலீன்னா வெட்ட மாட்டோம். ரொம்ப நேரம் துலுக்கலீன்னாக் காதுக்குள்ள சித்தத் தண்ணிய ஊத்துவோம், அப்பத் துலுக்கிரும். அதுல ஒரு மொறை இருக்குது.

அகோல்கோ கம்பு மாவு கரைச்ச தண்ணிய மண்ணுல ஊத்தி என்னமோ முணுமுணுத்து, கோழிய அறுத்து வீசினாரு. அது படபடன்னு அடிச்சுட்டுக் குப்புற விழுந்துது. நெஞ்சு மண்ணுல. ஊரே ஒரு சத்தம் போட்டுது பாருங்க, எழவு ஊடு மாதிரி.

சரி, வேற எடம் பாக்கச் சொல்லுவாங்கன்னு நெனச்சேன். சொல்லலை. அதுதான் அங்க வில்லங்கம். நெலம் வேண்டாம்னு சொன்னா, இந்தக் காரியத்துல யாரோ வவுத்துக்குள்ள கோவத்த வெச்சுட்டு நிக்கறாங்கன்னு அர்த்தமாம். அதக் கக்கோணுமாம். எல்லாருக்கும் முன்னால, நின்னு, வாய் விட்டு. கக்கினாத்தான் அடுத்த கோழி.

அப்பறமென்ன, பஞ்சாயத்துத்தான்! ஒருத்தன் எந்திரிச்சான், பக்கத்து வளவு ஆடு என்ற கம்பங்கொல்லைய மேஞ்சுதுன்னான். ஒரு பொம்பள எந்திரிச்சா, மூத்த சக்களத்தி என்ற கொழந்தைக்குப் பேரு வெக்கறப்ப மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு நின்னான்னா. இன்னொருத்தன் இன்னொருத்தனோட பொண்டாட்டியப் பத்தி என்னமோ சொல்ல, அடோங்கோ அத எனக்கு இங்கிலீசுல சொல்லவே மாட்டேன்னுட்டான். நான் வண்டிக்கு நெழல்ல உக்காந்துட்டு, கடவுளே, கம்ப்ரசர ஓட விட்டாலாச்சும் இந்தச் சத்தம் கேக்காதேன்னு இருந்தேன்.

கடைசியா அசிபி எந்திரிச்சா. மத்தவங்களாட்டக் கத்தலீங்க. என்னையக் கை காட்டினா.

“இந்தாளு ஒரு காயை எடுத்துட்டு நடந்தாரு. காயைக் கேட்டாரு, எங்களைக் கேக்கலை. குச்சி அடிச்சது தலைவரு வளவுக்கு ஒட்டி. நாளைக்குத் தலைவரோட சின்னப் பொண்டாட்டி பம்புக்குப் பூட்டுப் போட்டுட்டா நான் யாருகிட்டப் போயிச் சாவி கேக்கறது?”

எவ்வளவு திமிரு பாருங்க. காயைக் கேட்டேனாம்! தேங்காய் எந்திரிச்சு நிக்கற எடத்துலதான தண்ணி, இவ வாசல்ல வந்தா நிக்கும்? நான் அடோங்கோகிட்டச் சொல்லிப்போட்டேன், எடத்த மாத்த முடியாது, வேணும்னாப் பண்ணு, வேண்டாம்னா விடுன்னு. தலைவரு பாவம், நல்ல மனுசன், தலையச் சொறிஞ்சுட்டு நின்னாரு. அப்பறம், ‘என்ற வளவுச் செவுத்த அந்தப் பக்கம் இடிச்சு உள்ள தள்ளிக் கட்டிக்கறேன், பம்பு ஊர்ப் பொது எடத்துல இருக்கற மாதிரி ஆயிரும்’னாரு. சொன்னதோட நிக்காம, மகனுங்களக் கூப்புட்டு அப்பவே மம்பட்டி எடுக்கச் சொன்னாரு. அசிபி உக்காந்தா.

அடுத்த கோழி. நான் மனசுக்குள்ள, மல்லாந்து விழுடா சாமி, ஊட்டுக்குப் போலாம்னேன். பாழாப்போனது, மறுபடியும் குப்புற.

இப்ப ஒருத்தரும் ஒருத்தரையும் பாக்கலீங்க. அத்தனை பேரும் என்னையப் பாத்தாங்க. அகோல்கோ கிட்ட வந்து, தடிய ஊனி நின்னுட்டு என்னமோ கேட்டாரு.

“நெலத்த ஓட்டை போடறது உங்க கை. உங்க வவுத்துக்குள்ள என்ன இருக்குதுன்னு கேக்கறாரு”ன்னான் அடோங்கோ.

“என்ற வவுத்துக்குள்ள களிதான் இருக்குது”ன்னேன்.

யாரும் சிரிக்கலை.

எனக்கு வந்துது பாருங்க ஆத்திரம்! புழுதிக்காத்து, வெயிலு, ரெண்டு கோழி, இந்த லட்சணத்துல என்ற வவுத்துக்குள்ள என்ன இருக்குதுன்னு ஒரு கேள்வி. இருங்கடா, சொல்றேன்னுட்டு எந்திரிச்சு நம்ம பாசையிலயே எடுத்து விட்டேன். எவனுக்குப் புரியப்போகுது?

“என்ற அண்ணன் காளியண்ணன் இருக்கறானே, அவந்தாண்டா என்ற வவுத்துக்குள்ள இருக்கறான்! எங்கப்பன் வெட்டின கெணறு. பாகம் பிரிச்சப்ப ரெண்டு பேத்துக்கும் பொதுன்னு விட்டாரு. ஆளுக்கொரு நாளு மொறை. என்ற மொறை வர்றப்பக் கெணத்துல தண்ணியே இருக்காது. ஏன்னு உள்ள எறங்கிப் பாத்தா, அவன் பக்கமா சைடு போர் போட்டு உறிஞ்சிட்டிருக்கறான். போட்டான், சரி. யாரு வண்டிய வெச்சுப் போட்டான் தெரியுமாடா? ராசிபுரத்துக்காரன் வண்டிய! நான் ஊரு ஒலகத்துக்கெல்லாம் போர் போடறவன், ஆந்திராவுல இருந்து என்னையத் தேடிட்டு வர்றாங்க, கூடப் பொறந்தவன் என்னைய ஒரு வார்த்தை கேக்கலையே! தம்பி, ஒரு போர் போடோணும், வாடான்னு ஒரு வார்த்தை! வண்டி சத்தங் கேட்டுத்தாண்டா எனக்குத் தெரியும்! அப்பறம் நானும் போட்டேன். அவன் ஆழமாப் போட்டான். நான் அதுக்கு மேல ஆழமாப் போட்டேன். ரெண்டு பேத்துக்கும் வெறும் புகைதான் வந்துது, ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. கெணறும் வத்திப்போச்சு. போதுமாடா? நெலத்துக்கிட்டச் சொல்லுங்கடா, நல்லாச் சொல்லுங்க!”

கத்தி முடிச்சேன். கண்ணுல புழுதி வேற விழுந்து தண்ணியா ஊத்துது. அந்த ஊரு புழுதி அப்படி.

அசிபி பக்கத்துல இருந்த பொம்பளகிட்ட என்னமோ சொன்னா. என்னடா சொல்றான்னு அடோங்கோவக் கேட்டேன். “பாசை தெரியலை, ஆனா இது அண்ணந்தம்பி விசயம்னு சொல்றா”ன்னான். எப்படித்தான் கண்டுபுடிச்சாளோ, குறி சொல்றவ மாதிரி.

மூணாவது கோழி மல்லாந்து விழுந்துது. றெக்கை ரெண்டையும் விரிச்சு, காலு வானத்தப் பாத்துட்டு. அது தற்செயலுங்க. எந்தக் கோழியா இருந்தாலும் என்னைக்காச்சும் ஒரு நாளைக்கு மல்லாந்து விழத்தான செய்யும்.

ஓட்டினேன். பாறை தாண்டி, செதஞ்ச கல்லு வந்து, அப்பறம் பீச்சி அடிச்சுது பாருங்க தண்ணி! வண்டிக்கு மேல ஒசரத்துக்கு. பொம்பளைங்க நாக்கச் சுழட்டிக் குலவை போட்டாங்க. அகோல்கோ அந்தச் சேத்துல நின்னு ஆடறாரு. தேங்காய் சொன்னா சொன்னதுதான்னு நான் அடோங்கோகிட்டச் சொன்னேன். அவன் கோழியப் பத்தி என்னமோ சொன்னான், நான் காதுல வாங்கலை.

கேசிங் பைப்பு எறக்கி, மேடை கட்டி, அடிபம்பு மாட்டி முடிச்சோம். முதல்ல நாந்தான் அடிச்சுக் காட்டினேன். கண்ணாடி மாதிரி தண்ணி கொட்டுது. ஊரே கொடத்தோட சுத்தி நிக்குது. ஒருத்தி முன்னால வர்லீங்க. எதுக்குடா நிக்கறீங்க, வாங்கங்கறேன். அகோல்கோ வேண்டாம்னு தலையாட்டறாரு.

விசயம் என்னன்னா, நெலத்துக்கு முன்னால கக்கின கோவத்த அப்படியே உட்டுட்டுப் போகக்கூடாதாம். சம்பந்தப்பட்டவங்ககிட்டப் பேசி முடிக்கோணுமாம். ஆட்டுக்காரன் பேசி முடிச்சுட்டான். சக்களத்திங்க ரெண்டு பேரும் ஒரே சட்டியில களி தின்னு முடிச்சுட்டாங்க. தலைவரு செவுத்த இடிச்சுட்டாரு. பாக்கி நாந்தான். நான் என்ற அண்ணங்கூடப் பேசற வரைக்கும் இந்தத் தண்ணிய வாயில வெக்கப்படாதாம். வெச்சாக் குடிச்சவங்களுக்கு ஆகாதாம், முக்கியமாக் கொழந்தைங்களுக்கு.

என்ன அநியாயம் பாருங்க! எங்கயோ திருச்செங்கோட்டுல ஒருத்தன் தம்பிகிட்டக் கேக்காமப் போர் போட்டதுக்கு, கானாவுல ஒரு ஊரே தாகத்தோட நிக்கோணுமாம். இப்படி ஒரு முட்டாள் சனத்த எங்காச்சும் பாத்திருக்கீங்களா?

என்ற அண்ணன் பேசட்டும், நான் பேசறேன்னேன். மூத்தவன் அவந்தான? தப்புப் பண்ணினவன் அவந்தான? வருசக்கணக்காப் பேசாதவங்கிட்ட நான் போயிப் பேசறதாவது. நீங்க குடிச்சாக் குடிங்க, குடிக்காட்டிப் போங்கன்னு டெண்டுக்குள்ள போயிப் படுத்துட்டேன்.

குடிக்கலைங்க. நெசமாவே குடிக்கலை. மறுக்காவும் ஆத்துக்குக் கெளம்பிட்டாங்க. அடிபம்பத் தாண்டித்தான் வழி. கண்ணு முன்னால தண்ணி இருக்குது, கை வெச்சாக் கொட்டும். அதத் தாண்டிப் போயி, சேத்துத் தண்ணிய ரொப்பிட்டு, அதத் தாண்டியே திரும்பி வர்றாங்க. சண்டை போட்டாங்கன்னாலும் பரவால்ல. ஒருத்தியும் ஒரு கடுஞ்சொல்லு சொல்லலை. அங்க ஒரு பழக்கம், ஒருத்தரப் பாத்தா உக்காந்து கும்புடு சொல்லி, உங்க ஊடு எப்படி, மாடு எப்படி, பொண்டாட்டி எப்படி, கொழந்தைங்க எப்படின்னு வரிசையாக் கேப்பாங்க. அத்தனையும் கேட்டுப்போட்டு அசிபி மட்டும் கடைசியா ஒண்ணு கேப்பா, உங்க அண்ணன் எப்படின்னு. தெனமும். சிரிச்ச மூஞ்சியோட. தலையில அத்தனை பெரிய கொடத்தோட உக்காந்து எந்திரிச்சு. அவ பொண்ணும் கூடவே ஒரு சின்னக் கொடத்தத் தூக்கிட்டு. எனக்கு டெண்ட வேற பக்கம் திருப்பிப் போட்டுக்கலாமான்னு இருந்துது.

இதுக்கு நடுவுல தர்ம சங்கத்துக்காரங்க போட்டோ எடுக்க வர்றாங்கன்னு தகவல். கொழந்தைங்க தண்ணி குடிக்கற மாதிரி போட்டோ வேணுமாம். போட்டோ எடுக்காம வேலை முடிஞ்சதாக் கணக்கில்லை, வண்டிய எடுக்க முடியாது. சரி, இவியளுக்கு இவிய வழியிலதான் போகோணும்னு ஒரு ஐடியாப் பண்ணினேன்.

அந்த ஊர்ல டவர் எடுக்காதுங்க. ஊருக்கு அக்கட்ட ஒரு பெரிய பாறை, அது மேல ஏறினாத்தான் போன் பேச முடியும். அசிபியே புருசங்கிட்டப் பேசறதுக்கு அந்தப் பாறை மேலதான் ஏறி நிப்பா, ரெண்டு நாளைக்கு ஒருக்கா நான் பாத்திருக்கறேன். நான் என்ன பண்ணினேன், ஊர எல்லாம் கூப்புட்டு வெச்சு, அடிபம்புகிட்டயே நின்னுட்டு போன எடுத்துக் காதுல வெச்சேன். டவரும் இல்லை, ஒண்ணும் இல்லை. “அலோ, அண்ணா, நாந்தான் அர்த்தநாரி”ன்னேன்.

எவ்வளவு நேரம் பேசினேன்னு தெரியலீங்க. சும்மா ரெண்டு வார்த்தை பேசி முடிச்சிருக்கலாம். இவிய நம்போணுமேன்னு நீட்டிட்டேன். எப்படி இருக்கறீங்க, சக்கரைக்கு மாத்திரை போடறீங்களான்னு கேட்டேன். இங்க கம்பங்களி திங்கறேண்ணா, அம்மா கிண்டினாப்புடியே இருக்குதுன்னு வேற சொல்லிப்போட்டேன், என்னமோ வாயில வந்துது. ஏண்ணா என்னையக் கூப்புடலைன்னு கேட்டேன். கேட்டுப்போட்டுச் சித்த நேரம் காதுல வெச்சுட்டு நின்னேன், அவன் பதில் சொல்ற மாதிரி இருக்கோணுமில்லீங்களா. நடிப்புங்க, எல்லாம் நடிப்பு. நான் போட்ட போடுல ரெண்டு பொம்பளைங்க கண்ணத் தொடச்சாங்கன்னாப் பாத்துக்கங்க.

போன எடுக்கப் போனா, அசிபி கை நீட்டறா. நானும் உங்க அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை பேசோணும்கறா. எனக்கு வேர்த்துப்போச்சு. குடுக்காம இருக்க முடியுமா? குடுத்தேன்.

வாங்கிக் காதுல வெச்சா. செத்த போனுங்க அது. ஒரு சத்தம் வராது. அவ என்ற மூஞ்சியவே பாத்துட்டுக் காதுல வெச்சுட்டு நின்னா. அப்பறம் தலையாட்டறா, ஆமாங்கறா, சரிங்கறா, சிரிக்கறா வேற! போன என்ற கையில குடுத்துட்டு ஊருக்காரங்ககிட்டத் திரும்பி என்னமோ சொன்னா.

“அண்ணன் பேசிட்டாரு, கோவமில்லைன்னு சொல்லிட்டாருங்கறா”ன்னான் அடோங்கோ.

எப்படி மடச்சி பாருங்க! ரெண்டு நாளைக்கு ஒருக்காப் பாறை மேல ஏறி போன் பேசறவ, இங்க டவர் எடுக்காதுங்கறது அந்த நேரத்துல அவ புத்திக்கு வரவே இல்லை. நானாவது நடிச்சேன். இவ கேக்காத பேச்சுக்குப் பதில் பேசறா. எனக்குச் சிரிப்ப அடக்க முடியலை.

அதோட உட்டாளா? முதல் தண்ணிய ஒருத்தி மட்டுந்தான் குடிக்கோணும், மத்தவங்க நாளைக்குத்தான்னு திடீர்னு ஒரு சட்டம் போட்டா. அகோல்கோ அவளச் சித்த நேரம் பாத்துட்டு, சரின்னுட்டாரு. அவளே பம்ப அடிச்சு, சொரக்குடுக்கையில புடிச்சு மடக்கு மடக்குன்னு குடிச்சா. அந்தப் பொண்ணுக் கொழந்தை அவ சீலையப் புடிச்சுட்டு, எனக்கு, எனக்குன்னு அழுவுது. ஒரு சொட்டுக் குடுக்கலீங்க! கையத் தட்டி விட்டா. தான் மட்டும் ரெண்டாந்தடவையும் புடிச்சுக் குடிச்சா. பெத்தவ பண்ற காரியமாங்க இது? இந்த லட்சணத்துல ஊருக்கு ஞாயம் பேச வந்துட்டா.

மறுநா காத்தாலப் பாத்தா ஊரே அவ வளவு வாசல்ல நிக்குது. அசிபி வெளிய வந்தா, கொடத்த எடுத்தா, பொண்ணக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு நேரா பம்புக்கு வந்தா. அப்பறந்தான் எல்லாரும் வந்தாங்க. அதுக்கு அப்பறம் கை ஓயலை பம்புக்கு. போட்டோவும் எடுத்தாச்சு. அந்தப் பொண்ணுதான் போட்டோவுல தண்ணி குடிக்குது, மூஞ்சி பூராவும் தண்ணியா, பல்லக் காட்டிட்டு. சங்கத்துக்காரங்க காலண்டர்ல கூடப் போட்டாங்களாம். எல்லாம் யாரால? என்னால. என்ற போனால.

நாங்க கெளம்பற அன்னைக்கு அசிபி ஒரு சட்டி களியும் கொழம்பும் எடுத்துட்டு வந்தா. கும்புடு சொல்லி, ஊடு எப்படி மாடு எப்படின்னு எல்லாம் கேட்டுப்போட்டு, அண்ணனப் பத்திக் கேக்கலை. அதுக்குப் பதிலா அடோங்கோகிட்ட என்னமோ சொல்லி, அத எங்கிட்டச் சொல்லச் சொன்னா. அவன் தலையக் குனிஞ்சுட்டுத்தான் சொன்னான்.

“நான் குடிச்சது உங்க வார்த்தைக்கு. என்ற பொண்ணு குடிச்சதும் உங்க வார்த்தைக்கு. அத நீங்க ஊருக்குப் போயி மெய்யாக்கிருங்க. அது வரைக்கும் அது என்ற தலை மேல இருக்குதுங்கறா.”

நான் என்ன, அவ பேசறது எனக்கு என்னைக்குப் புரிஞ்சிருக்குது? சரி சரின்னு களியத் தின்னுட்டு வண்டியில ஏறிட்டேன். ஆனா ஒண்ணுங்க, களி நல்லா இருந்துது.

இதாங்க கதை. இப்பச் சொல்லுங்க, அந்தச் சனத்துக்கு மறுபடி நான் போர் போடோணுமா? உங்க முதலாளிகிட்டச் சொல்லுங்க, அந்த ஊரு வெயிலு எனக்கு ஒத்துக்காதுன்னு. களி ஒத்துக்காதுன்னு சொல்லுங்க. போனா முதல் வார்த்தையே அவ என்ன கேப்பான்னு எனக்குத் தெரியாதா? அடோங்கோ இன்னும் பாறை மேல ஏறி நின்னு எனக்குப் போன் பண்ணிட்டுத்தான் இருக்கறான். பம்பு நல்லா ஓடுது, அசிபி பொண்ணு பள்ளிக்கூடம் போகுதுங்கறான். கடைசியா, அசிபி பக்கத்துல நிக்கறா, உங்க அண்ணன் எப்படி இருக்காருன்னு கேக்கச் சொல்றாங்கறான். நல்லா இருக்காருன்னு சொல்லிருவேன். வேற என்ன சொல்றது? அவளுக்குத் தூக்கம் வரோணுமில்லீங்களா.

இல்லீங்க, பேசலை. நான் எதுக்குப் பேசோணும்? அவன் என்ன மலைக்கு அந்தப் பக்கமா இருக்கறான்? பக்கத்து ஊடுதான், நடுவுல இந்த ஒத்தச் செவுருதான். ஒரு வார்த்தை அவன் கூப்புட்டா எனக்குக் கேக்காதா?

அதோ, இருமறான். கேக்குதுங்களா? ஒரு வாரமா இப்படித்தான். பையன் பெங்களூர்ல, பொண்டாட்டி போய்ச் சேந்துட்டா, ஊட்டுல ஒருத்தரும் இல்லை. இருமினா நிக்க மாட்டேங்குது, ஒரு வாய் தண்ணி மொண்டு குடுக்க ஆளில்லை.

கெளம்பறீங்களா? சரிங்க, முதலாளியக் கேட்டேன்னு சொல்லுங்க. போறப்ப அவன் ஊட்டு வாசலைத் தாண்டித்தானுங்களே போவீங்க. சித்த எட்டிப் பாத்துட்டு, பானையில இருந்து ஒரு சொம்பு தண்ணி மொண்டு குடுத்துட்டுப் போங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க.